அடி அண்ணாமலையில் ஓர் ஊடல்

திருவண்ணாமலையில் கிரிவலம் வந்தவர்கள் எல்லாரும் அடி அண்ணாமலையைக் கடந்துதான் வந்திருப்பார்கள். ஆனால், அந்த ஊரை நினைவில் வைத்திருப்பவர்கள் சொற்பம். அது ஊரின் குற்றமல்ல, காலின் குற்றம்! பதினான்கு கிலோ மீட்டர் பாதையில் பாதிக்கு மேல் நடந்த பிறகுதான் இந்த ஊர் வருகிறது. அதற்குள் மனம் மலையில் இருந்தாலும் புத்தி பாதத்துக்கு இறங்கிவிடுகிறது. "இன்னும் எத்தனை லிங்கம் பாக்கி?" என்று விரல் விடத் தொடங்கிவிடுகிறோம்.

வருண லிங்கத்தைத் தாண்டி, வாயு லிங்கத்துக்கு முன்னால், மலைக்கு மேற்கே இருக்கிறது அடி அண்ணாமலை. மலையின் அடியில் இருப்பதால் அடி அண்ணாமலை. ஆதியில் தோன்றியதால் ஆதி அண்ணாமலை. இரண்டு பெயரும் வழக்கில் உண்டு. இங்குள்ள ஆதி அண்ணாமலையாரைப் பிரம்மதேவரே பிரதிஷ்டை செய்தார் என்பது ஸ்தல ஐதீகம். பக்கத்தில் மாணிக்கவாசகருக்கு ஒரு சிறு கோவில். திருவெம்பாவை பிறந்தது இந்த மலையடிவாரத்தில் என்று பெரியவர்கள் சொல்லுவார்கள். கிழக்கே பெரிய கோவிலின் முன் நின்றால் கோபுரங்கள் மலையோடு போட்டி போடும். இங்கே போட்டி கிடையாது. வேர்க்கடலைக் கொல்லைக்கு மேலே மலை தன்னந்தனியாக நிற்கிறது.

என் தமக்கையைக் கொடுத்திருப்பது இந்த ஊரில்தான். சென்ற பொங்கலுக்குப் போயிருந்தேன். வீட்டில் கரும்பு இருந்தது, மஞ்சள் கொத்து இருந்தது, பேச்சுதான் இல்லை. அக்காவின் கணவரும் அவர்கள் பெண்ணும் இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை.

"பிரெஞ்சுதான் காரணம்" என்றாள் அக்கா, ஏதோ காய்ச்சலின் பெயரைச் சொல்வதுபோல.

பெண் புதுச்சேரிப் பல்கலைக் கழகத்தில் பிரெஞ்சு எம்.ஏ. முதல் வருஷம் படிக்கிறாள். பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுக்கிறவர்கள் நம் ஊர்களில் ஏராளம். மார்க்கு வந்ததும் மொழியைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். இவள் விடவில்லை, கையோடு பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"நீங்களே சொல்லுங்க மச்சான். பேங்க் பரீட்சைக்குப் படின்னா கேட்கலை. பிரான்சு தேசத்துக்கும் நம்ம கொல்லைக்கும் என்ன சம்பந்தம்?" என்று அவள் தகப்பனார் என்னைப் பஞ்சாயத்தாராக நியமித்துவிட்டார்.

அன்று மாட்டுப் பொங்கல். மாடுகளுக்குப் படையல் முடிந்து, நானும் பெண்ணும் திண்ணையில் உட்கார்ந்தோம். அவளுடைய ஆயா, அதாவது அத்தானைப் பெற்ற அத்தை, வெற்றிலையை இடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தார்.

"அந்த பாஷையில் அப்படி என்ன அம்மா இருக்கிறது?" என்று பஞ்சாயத்தைத் தொடங்கினேன்.

"முதல் வருஷம் அழுகைதான் மாமா! நமக்கு மேஜையும் புத்தகமும் அஃறிணை. அவங்களுக்கு மேஜை பெண்பால், புத்தகம் ஆண்பால்."

"மேஜை பொம்பளைன்னு யாருடி பார்த்தது?" என்றார் அத்தை.

"அதைக் கேட்கக் கூடாது ஆயா, மனப்பாடம் பண்ணணும். எண்ணிக்கையும் அப்படித்தான். எண்பதுக்குத் தனி வார்த்தை இல்லை. 'நாலு இருபது' என்பார்கள். உனக்கு வயசு எண்பத்துநாலா? பிரெஞ்சில் நீ 'நாலு இருபது நாலு'!"

அத்தை சிரித்ததில் வெற்றிலை உரல் உருண்டது. "கணக்கு சரிதான். நாலு தடவை இருபது வயசு ஆனமாதிரி சொல்றாங்களே, நல்ல ஜனங்க!"

வாசகர்கள் கேட்கலாம்: பிரான்சு தேசத்துக்கும் இந்த மலைக்கும் உண்மையில் சம்பந்தம் உண்டா என்று. உண்டு. முதலில் அது பீரங்கியோடு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் கர்நாடகப் போர்களில் திருவண்ணாமலைப் பெரிய கோவிலின் மதில்களே கோட்டையாயின. முற்றுகையிட்டவர்கள் பலர்; பிரெஞ்சுக்காரர்களும் அவர்களில் உண்டு.

பிறகு பிரெஞ்சு வேறு விதமாக வந்தது. ஆன்ரி லெ சோ என்னும் பிரெஞ்சுப் பாதிரியார் 1949-ல் ரமண மகரிஷியைத் தரிசிக்க வந்தார். மலை அவரை விடவில்லை. பின்னர் திரும்பத் திரும்ப வந்து இதன் குகைகளில் தங்கினார். அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்ட அவர் எழுதிய அருணாசல நினைவுகள், அவர் மறைந்த பின் 1978-ல் பிரெஞ்சு மொழியில் புத்தகமாயிற்று.

அதற்கும் பிறகு வந்தவர்கள் நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் கொண்டு வந்தார்கள். பெண் அதைச் சொன்னபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"மாமா! நம்ம திருவண்ணாமலையைப் பற்றி 1989 தொடங்கி ஐந்து பகுதிகளாக ஒரு பெரிய ஆராய்ச்சி வந்திருக்கிறது. கல்வெட்டுகள், கட்டடங்கள், பூஜையும் திருவிழாவும், கோவிலைச் சுற்றியுள்ள சமூகம், ஊர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி. கல்வெட்டுப் பகுதி ஆங்கிலத்தில். மற்றதெல்லாம் பிரெஞ்சு! பிரான்சுவாஸ் லெர்னோ, மரி லூயீஸ் ரேனிஷ் என்ற இரண்டு அம்மாள்கள் அதில் நிறைய உழைத்திருக்கிறார்கள். புதுச்சேரி நூலகத்தில் அதை முதல் தடவை எடுத்துப் பிரித்தேன். உள்ளே நம்ம மலை! எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது."

"வெட்கம் எதற்கு?"

"பிரெஞ்சு தெரியாத அப்பாவால் அதைப் படிக்க முடியாதே! கோவிலைப் பற்றிய புத்தகத்தைக் கோவிலுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் படிக்க முடியவில்லை."

பஞ்சாயத்தார் வாயடைத்துப் போனார்.

அவள் மேலும் சொன்னாள். திருக்குறளின் பகுதிகளை ஏரியல் என்பவர் 1848-லேயே பிரெஞ்சில் தந்தார். புதுச்சேரியில் 1955-ல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முதல் வெளியீடு, 1956-ல் வந்த காரைக்கால் அம்மையாரின் பாடல்கள். 1968-ல் பரிபாடல், பிரான்சுவா குரோவின் கையால். அந்தக் கரையிலிருந்து இந்தக் கரைக்கும் வந்திருக்கிறது. காம்யுவின் 'அந்நியன்', எக்சுபெரியின் 'குட்டி இளவரசன்' இரண்டும் நேராகப் பிரெஞ்சிலிருந்தே தமிழுக்கு வந்தவை, இரண்டிலும் வெ. ஸ்ரீராமின் கை உண்டு. நம் வெட்டிவேர் மட்டும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே போய், பிரெஞ்சு வாசனைத் தைலக்காரர்களிடம் 'வெத்திவேர்' என்று குடியேறிவிட்டது!

"இப்போ எனக்கு ஒரு சிக்கல் மாமா. வகுப்பில் நம்ம ஊர்த் திருவிழா ஒன்றைப் பிரெஞ்சில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். திருவூடலை எடுத்துக்கொண்டேன். தலைப்பிலேயே நின்றுவிட்டேன். ஊடலுக்கு வார்த்தை அகப்படவில்லை."

திருவூடல் அன்றைக்குத்தான். பிருங்கி முனிவர் சிவனைத் தவிர வேறு யாரையும் வணங்க மாட்டார். அப்படிப்பட்டவருக்குத் தரிசனம் கொடுக்க ஐயன் கிளம்புகிறார் என்று அம்மனுக்குக் கோபம். கோவிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஐயன் வெளியே தங்கி, மறுநாள் தனியாக மலையைச் சுற்றி வருகிறார். அப்படி வரும்போது அடி அண்ணாமலை வழியாகத்தான் வரவேண்டும்.

"'கெரெல்' என்றால் வெறும் சண்டை. 'பூத்ரி' என்றால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வது. அதிலிருந்து 'பூத்வார்' என்று ஒரு வார்த்தை வந்தது. சீமாட்டிகளின் அந்தரங்க அறை. மூலப் பொருள், உம்மென்று உட்காரும் அறை."

"கைகேயி போய்ப் படுத்துக்கொண்ட கோப கிருகம்!" என்றேன்.

"அதேதான். ஆனால், அது ஊடல் ஆகுமா?"

அத்தை இடிப்பதை நிறுத்தினார். "ஏண்டி, இதுக்கா இவ்வளவு தவிப்பு? சண்டைன்னா கதவைச் சாத்திட்டு அந்தப் பக்கம் போயிடறது. ஊடல்னா கதவைச் சாத்திட்டு, உள்ளே நின்னு தாழ்ப்பாளையே பார்த்துக்கிட்டு இருக்கிறது."

பெண் ஒரு கணம் அசையாமல் இருந்தாள். பிறகு பேனாவைத் தேடினாள். எழுதி முடித்ததும் சிரித்தாள்.

"மாமா! மோலியேர் 1670-ல் எழுதிய நாடகத்தில் முசியே ஷூர்தேன் என்று ஒரு பணக்காரர். வாத்தியார் வைத்துப் படிக்கிறார். தான் நாற்பது வருஷத்துக்கு மேலாகப் பேசிவருவதற்கு 'உரைநடை' என்று பெயர் என்று தெரிந்ததும் பூரித்துப் போகிறார். நம்ம ஆயா எண்பது வருஷமாக உரையாசிரியர், அவங்களுக்கே தெரியாது!"

உள்ளே கூடத்தில் அவள் தகப்பனார் செய்தித்தாளைப் பிடித்தபடி இருந்தார். வெகு நேரமாகப் பக்கம் புரளவில்லை என்பதை நான் கவனித்தேன்.

இரவு நான் அவரிடம் ஒளிவுமறைவில்லாமல் பேசினேன். பிரெஞ்சு படித்தால் பல்லக்கு வந்து வாசலில் நிற்காது. பள்ளிக்கூடங்களில் பிரெஞ்சு வாத்தியார் வேலை உண்டு, மொழிபெயர்ப்பு உண்டு, பிரெஞ்சு தெரிந்தவர்களைத் தேடும் சென்னைக் கம்பெனிகள் உண்டு. அலைந்துதான் தேட வேண்டும். ஆனால், கையில் பிடித்ததைப் பாதியில் விட்டால் அலைவதற்கும் ஆதாரம் இல்லை. அவர் பதில் சொல்லவில்லை.

மறுநாள் தெருவெல்லாம் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. மேளச் சத்தம் கேட்டதும் அத்தையைக் கைத்தாங்கலாக வாசலுக்கு அழைத்து வந்தோம். ஐயன் வந்தார். அம்மன் கதவைச் சாத்திய துக்கம் அவர் திருமுகத்தில் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. அத்தை மட்டும், "சீக்கிரம் வீட்டுக்குப் போய்ச் சேருப்பா" என்று சுவாமிக்கே புத்தி சொன்னார்.

கற்பூரம் காட்டியாயிற்று. தேங்காய் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவின் கணவர் மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தை மலைப் பக்கம் திருப்பிக்கொண்டே கேட்டார்:

"புதுச்சேரி பஸ் எத்தனை மணிக்கு?"

"காலையிலே ஆறுக்கு ஒண்ணு இருக்குப்பா."

"அஞ்சு மணிக்கே எழுப்பறேன். வண்டியிலே கொண்டுபோய் விடறேன்."

மேளம் வாயு லிங்கத்தை நோக்கி நகர்ந்தது. அத்தை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அவர் கண் தாழ்ப்பாளின் மேல் இருந்தது எனக்குத்தான் தெரியவில்லை. அவருக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது!