காதர்பேட்டையில் ஆரம்பிக்குது மலை!

மலையேறப் போறீங்களா? அப்ப முதல்ல திருப்பூருக்கு டிக்கெட் எடுங்க. அச்சுப்பிழை இல்லை பாஸ், திருப்பூரேதான்!

ஸ்டேஷன்ல இறங்கினா நடக்கிற தூரத்துல காதர்பேட்டை. சந்துக்குச் சந்து பனியன் கடை. ஆளுயரத்துக்கு அடுக்கின பண்டல்கள், அதுக்கு நடுவுல வழி கேட்டு ஹாரன் அடிக்கிற டூ-வீலர்கள். இந்தியாவோட பின்னலாடை ஏற்றுமதியில பாதிக்கும் மேல இந்த ஊர்லேர்ந்துதான் போகுது. அதுல மிஞ்சினது, சின்னக் குறையால ஒதுக்கினதுனு ஒரு பகுதி இந்தக் கடைகளுக்கு வரும். பல துணிகள்ல லேபிளை வெட்டியிருப்பாங்க. ஆக, இங்கே பிராண்டைப் பார்த்து வாங்க முடியாது. துணியைத் தொட்டுப் பார்த்துதான் வாங்கணும். மலைக்குப் போறவங்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

முதல் பாடம், காட்டன். நம்ம ஊர் வெயிலுக்கு அதுதான் ராஜா. வியர்வையை உறிஞ்சி, மெதுவா ஆவியாக்கி, உடம்பைக் குளிர வைக்கும். அதே குணம்தான் மலை மேல வில்லன்! ஆயிரம் மீட்டர் ஏறினா வெப்பம் சுமார் 6.5 டிகிரி குறையும். கோவை சுமார் 400 மீட்டர் உயரம், தொட்டபெட்டா 2,637 மீட்டர். கணக்குப் போட்டா 14 டிகிரிக்கு மேல அடி வாங்கும். இதுல நீங்க போட்டிருக்கிற ஈர டி-ஷர்ட்ல 200 கிராம் தண்ணி இருக்குனு வெச்சுக்குவோம். ஒரு கிராம் ஆவியாக சுமார் 2,400 ஜூல் வேணும். மொத்தம் 4.8 லட்சம் ஜூல். சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்பு நொடிக்கு சுமார் 100 ஜூல் வெப்பம்தான் தரும். அதாவது, 80 நிமிஷ உடம்புச் சூட்டுக்குச் சமமானதை ஒரே ஒரு டி-ஷர்ட் கேட்குது!

உடம்புச் சூடு 35 டிகிரிக்குக் கீழே இறங்கினா அதுக்குப் பேர் ஹைப்போதெர்மியா. முதல்ல நடுக்கம், அப்புறம் பேச்சு குழறும், கால் தள்ளாடும். இமயமலைக்குப் போனாத்தான் வரும்னு நினைக்காதீங்க. ஈரமும் காத்தும் சேர்ந்தா 10 டிகிரியிலயே வந்துடும். நீலகிரி அவலாஞ்சியில 2019 ஆகஸ்ட்ல ஒரே நாள்ல 82 சென்டிமீட்டர் மழை கொட்டியிருக்கு. நம்ம மலைகளை லேசா எடைபோடாதீங்க.

சரி, என்ன வாங்கலாம்? மூணு அடுக்கா யோசிங்க.

உடம்பை ஒட்டி பாலியஸ்டர் டி-ஷர்ட். கடையில 'டிரை-ஃபிட்'னு கேட்டா எடுத்துப் போடுவாங்க. சாதாரணக் காத்துலயே காட்டன் தன் எடையில சுமார் 8 சதவிகிதம் ஈரத்தைப் பிடிச்சு வெச்சிருக்கும். பாலியஸ்டர் அரை சதவிகிதம்கூடப் பிடிக்காது. அதான் சீக்கிரம் காயுது. ரெண்டு நாள் போட்டா நாத்தம் வரும், அது தனிக் கதை!

அதுக்கு மேல ஃப்ளீஸ். இங்கேதான் உஷார். திருப்பூர்ல சும்மா 'ஃப்ளீஸ்'னு கேட்டா, உள்பக்கம் பிரஷ் பண்ணின காட்டன் ஹூடியும் வரும். தொட்டா மெத்துனு இருக்கும், நனைஞ்சா கல்லு மாதிரி கனக்கும். 'போலார் ஃப்ளீஸ்'னு தெளிவாக் கேளுங்க.

வெளியே, காத்தையும் மழையையும் தடுக்கிற நைலான் ஜாக்கெட். துணியை வாயில வெச்சு ஊதிப் பாருங்க. மூச்சு சுலபமா அந்தப் பக்கம் போனா, மலைக்காத்து இந்தப் பக்கம் வரும். ஜீன்ஸுக்கு மட்டும் அன்னிக்கு லீவு கொடுத்துடுங்க!

வெளிநாட்டு வேட்டைக்காரங்க உரோமத் துணியும் ஃப்ளீஸும் தேடி வாங்குவாங்க. காரணம், சத்தம் வராது. நைலான் நடக்க நடக்க சரக் சரக்னு காட்டிக் கொடுத்துடும். நம்ம நாட்டுல 1972 சட்டத்துக்கு அப்புறம் வேட்டைக்கு வேலையே இல்லை. ஆனா பறவை பார்க்கவும் போட்டோ எடுக்கவும் போறவங்களுக்கு அதே சூத்திரம்தான். மிலிட்டரி பிரின்ட் மட்டும் வேண்டாம். 2022-ல ராணுவம் அறிமுகப்படுத்தின புது டிசைனுக்கு உரிமையும் பதிவு பண்ணி வெச்சிருக்காங்க.

வாங்கினது அசல்தானானு சந்தேகமா? வீட்டுக்கு வந்து (கடையில இல்லை சாமி!) ஒரு நூலை உருவி, இடுக்கியில பிடிச்சுக் கொளுத்துங்க. காகிதம் எரியற வாசனை, லேசான சாம்பல்னா காட்டன். முடி கருகின நாத்தம்னா உரோமம். உருகி, ஆறினதும் கெட்டி மணியா நின்னா பாலியஸ்டர். அந்த மணியை ஞாபகம் வெச்சுக்குங்க. நெருப்புக்குப் பக்கத்துல போனா அது உங்க தோல்லயே ஒட்டும். 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீ எத்தனை பேரைக் கொண்டுபோச்சு! காட்டுத்தீயிலேர்ந்து எந்தத் துணியும் காப்பாத்தாது. அனுமதியும் சீசனும்தான் அங்கே கவசம். 2024 அக்டோபர்ல தமிழக அரசே 40 மலைப்பாதைகளை அறிவிச்சது. வழிகாட்டியோட போங்க.

கடைசியா ஒண்ணு. பையில தண்ணி புகாத உறைக்குள்ள ஒரு காய்ஞ்ச செட் கூடுதலா வைங்க. கூட்டத்துல எப்படியும் ஒருத்தன் ஜீன்ஸும் காட்டன் சட்டையுமா ஸ்டைலா வந்து நிப்பான். மழையில நனைஞ்சு அவன் பேச்சு குழற ஆரம்பிச்சா கேலி பண்ணாதீங்க. அந்த செட்டை எடுத்து அவனுக்குப் போட்டு விடுங்க!