குளத்து மீனுக்குச் சூடான தாச்சி

மாத்தளைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பாறை, அறக்குளா, விளை என்று கடல் மீன்களுக்கு ஆளுக்கொரு பெருமை இருக்கிறது. திலாப்பியா என்றால் மட்டும் "குளத்து மீனா?" என்று முகம் சுளிப்பார்கள். சேற்று வாடை என்று ஒரே தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு தவறு என்று நெடுநாளாக நினைத்து வந்தேன். மீன் கரையேறும் இடத்திலிருந்து தாச்சி வரைக்கும் அதன் கூடவே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்றுதான் வில்கமுவவுக்குப் புறப்பட்டேன்.

வில்கமுவ, மாவட்டத்தின் கிழக்கோரம். மேற்கே நக்கிள்ஸ் மலைகள், கிழக்கே மகாவலி, வடக்கே 1984இல் தேசியப் பூங்காவான வஸ்கமுவக் காடு. நடுவில் வயலும் குளமும். சந்தைக்கும் பஸ்ஸுக்கும் ஹெட்டிப்பொலதான். கடல் இங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் தூரம். கடற்கரையிலிருந்து ஐஸில் கிடந்து வரும் மீன் இங்கே சேரும்போது களைத்துப் போயிருக்கும். குளத்து மீனோ விடியற்காலையில் வலையில் இருந்து, மதியம் சோற்றுக்கு வந்துவிடும். இந்த ஊரில் மீன் தின்ன விரும்புகிறவருக்கு இதைவிடப் புதிய மீன் வேறு கிடையாது.

நான் போன குளத்தில் பொழுது வெளுத்த பிறகுதான் வள்ளம் இறங்கியது. இரவில் யானைகள் தண்ணீருக்கு வரும். ஆட்கள் கரைக்கு வந்ததும் முதலில் எதிர்க்கரையைத்தான் பார்க்கிறார்கள். "இருட்டில் அவங்க குளம், வெளிச்சத்தில் எங்க குளம்" என்று வயதில் மூத்தவர் சிங்களத்தில் சொன்னார். பக்கத்தில் மிதவைக்கட்டை கட்டிய ஒடுக்கமான வள்ளம். அதில் இரண்டு பேர், ஒரு துடுப்பு, எஞ்சின் கிடையாது. முதல் நாள் மாலையில் விட்ட வலையை ஒருவர் தூக்க, மற்றவர் மீனைக் கழற்றுகிறார். திலாப்பியாவின் முதுகு முள் பின்பக்கம் சாயும். அதனால் மீனைப் பின்னால் இழுத்தால் முள் விரிந்து கையையும் வலையையும் கிழிக்கும். தலையை முன்னுக்குத் தள்ளிக் கண்ணி வழியே அனுப்ப வேண்டும். அவர் விரல்கள் அதைப் பார்க்காமலே செய்தன. அந்த விரல்களில் பழைய கீறல்கள் நிறைய.

கண்ணியின் அளவு பற்றிக் கேட்டேன். இழுத்துப் பிடித்தால் 8.5 சென்றிமீற்றருக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். அதில் ஒரு நியாயம் உண்டு. ஆண் மீன் கரையோரத்து ஆழமற்ற மண்ணில் குழி தோண்டுகிறது, பெண் மீன் முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கிறது. சின்னக் கண்ணி வலை போட்டால் முட்டையிடும் வயதுக்கு வராத மீன்கள் அள்ளுப்பட்டுவிடும். "அதைப் பிடிச்சா அடுத்த வருஷம் எதைப் பிடிக்கிறது?" என்றார் இளையவர்.

இந்த மீன் இலங்கைக்கு வெளியிலிருந்து வந்தது. நம் குளங்கள் பெரும்பாலும் பாசனத்துக்காக மனிதர் கட்டியவை. ஆற்று ஓட்டத்தில் வாழப் பழகிய உள்ளூர் மீன்கள் பல, திறந்த பெரிய நீர்ப்பரப்பை முழுதாகப் பயன்படுத்தவில்லை. 1952இல் கொண்டுவந்து விட்ட மொசாம்பிக் திலாப்பியா அந்த இடத்தைப் பிடித்தது. 1975இல் நைல் திலாப்பியாவும் வந்தது. 1990இல் அரசு நன்னீர் மீன்பிடிக்குக் கொடுத்துவந்த ஆதரவை நிறுத்திவிட்டது. 1994இல்தான் அது திரும்ப வந்தது. 1998இன் சட்டத்தால் நக்டா என்று எல்லோரும் சொல்லும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபை உருவானது. ஆதரவு இல்லாத அந்த ஆண்டுகளிலும் குளத்து மக்களுக்குப் பசி இருந்தது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

கரையில் மோட்டார் சைக்கிளோடு ஒரு நானா காத்திருந்தார். பின்னால் ரெஜிபோம் பெட்டி. அவர் தமிழில் பேசியதும் எனக்கு ஆசுவாசம். "தங்கச்சி, ஐஸைக் கீழே போட்டுத்தான் மீனை வைப்பேன். மேலேயும் ஐஸ். மீனை வெறும் பெட்டியில் குவிச்சா அடி மீன் நசுங்கிடும், வயிறு வெடிச்சிடும். பிறகு மணக்குதுன்னு குளத்தைத் திட்டுவாங்க." குளத்து மீனின் கெட்ட பேரில் ஒரு பங்கு அந்தக் கவனக் குறைவால் வந்தது என்று நினைக்கிறேன்.

மிச்சப் பங்கு உண்மையானது. பாசியும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. மழை பெய்ததும் எழும் மண்வாசனையும் அதனால்தான். மீன் அதைச் செவுள் வழியே உறிஞ்சிக் கொழுப்பில் சேர்த்துக்கொள்கிறது. புளிப்பு பட்டால் அது சிதைந்து வாசனை குறையும். இந்த இரசாயனம் தெரியாமலே நம் ஆட்கள் தேசிக்காயும் கொறுக்காப்புளியும் சேர்த்துவந்திருக்கிறார்கள்.

மூத்தவரின் மனைவி வீட்டுக்குக் கூப்பிட்டார். அவர் என்னை நங்கி என்றார், நான் அவரை அக்கா என்றேன். அரிவாள்மணையில் வாலிலிருந்து தலைப்பக்கமாகச் செதில் நீக்கினார். வயிற்றைக் கீறியதும் உள்ளே ஒட்டியிருந்த கறுப்புச் சவ்வை விரலாலும் உப்பாலும் தேய்த்து எடுத்தார். பக்கவாட்டில் ஓடும் சிவந்த சதைக் கோட்டையும் வழித்தார். சேற்று வாடையை விரட்டும் வேலையில் பாதி இந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. நகரத்தில் இதைச் செய்யப் பொறுமையில்லாமல் மசாலாவை அள்ளிக் கொட்டுகிறோம்.

இரு பக்கமும் கீறல் போட்டு உப்பு, மஞ்சள், மாத்தளை மிளகுத்தூள், தேசிக்காய்ச் சாறு பூசி வைத்தார். கொஞ்ச நேரம் கழிந்ததும் நான் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். மீனைப் பழைய துணியில் ஒற்றி ஈரம் முழுவதும் எடுத்தார். ஈரம் இருந்தால் தாச்சியின் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். தோல் சிவக்காது, அவியும், ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் காய்ந்து மெல்லப் புகையும் நேரத்தில் மீனை வைத்தார். நான் திருப்பலாமா என்று கேட்டதற்கு, "அதுவா விடும், நங்கி" என்றார். தோல் சிவந்து முறுகினால் தாச்சியை அதுவாகவே விட்டுவிடும். மீன் சதையின் அடுக்குகளைப் பிணைக்கும் இணைப்பு இழைகள் குறைவு, குறைந்த சூட்டிலேயே கரைந்துவிடும். அடிக்கடி புரட்டினால் உதிர்ந்து போவதற்கு அதுதான் காரணம். முக்கால்வாசி வெந்ததும் எடுத்துத் தட்டில் வைத்தார்.

அதே தாச்சியில் சின்ன வெங்காயம், உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, ஒரு துண்டு ரம்பை. வதங்கியதும் தக்காளி, மிளகாய்த்தூள், ஊறவைத்த கொறுக்காப்புளித் தண்ணீர். அடியில் ஒட்டியிருந்த மீன் வறுவலின் சாரம் எல்லாம் அதில் கரைந்தது. இரண்டாம் பால் ஊற்றிக் கொதிக்கவிட்டு, தீயைத் தணித்து முதற்பால். பால் திரிந்துவிடாமல் கொதி வரும் முன்னரே மீனை வைத்தார், தோல் மேலே, சாறு கீழே. முறுகல் நனையவில்லை. சதை சாற்றைக் குடித்து வெள்ளையாகவே இருந்தது. சேற்று வாடை தேடியும் கிடைக்கவில்லை. சாறு மீனை மூடவும் இல்லை, அதன் கூடவே நின்றது.

நானாவின் கணக்கில் முழு மீனுக்கு ஒரு விலை, வெட்டிக் கழுவித் தந்தால் இன்னொரு விலை. அந்தக் கூடுதல் காசுக்குத்தான் பேரம் பேசுகிறோம். சவ்வு எடுக்கும் கைகளுக்குக் கூலி கொடுக்காமல் வாடை என்று குறை சொல்வது நியாயமில்லை. ஹெட்டிப்பொலப் பக்கம் போகிறவர்கள் காலையிலேயே வாங்குங்கள். கண் துலங்கி, செவுள் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். சவ்வை எடுத்துத் தரச் சொல்லி, அதற்கான காசைக் கொடுங்கள். வீட்டில் மீனைத் துணியால் ஒற்றிய பிறகு மட்டும் தாச்சியை அடுப்பில் ஏற்றுங்கள்.