புத்தகம் வாங்குமுன் ஒரு வார்த்தை

கல்யாண வீடுகளில் தாலி கட்டும் நேரத்தில் மணமக்களின் முகத்தைப் பார்ப்பதே இப்போது சிரமம். ஆளுக்கொரு கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். தைப்பூசக் காவடி, தீமிதி, மஞ்சள் நீராட்டு, பள்ளி விளையாட்டுப் போட்டி என எதுவானாலும் படமாகிவிடுகிறது. படம் பிடிக்க எல்லாரும் இருக்கிறோம். பிடித்ததை வெட்டி, ஒட்டி, பார்க்கத் தகுந்ததாக ஆக்கித் தரத்தான் ஆள் வேண்டியிருக்கிறது. அந்த வேலைக்குப் படத்தொகுப்பு என்று பெயர். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இதைத் தொழிலாகவே கற்க ஆசைப்படுகிறார்கள். ஆசையில் தவறில்லை. எந்தப் புத்தகத்துக்குக் காசு கொடுப்பது என்பதில்தான் பல வீடுகள் தடுமாறுகின்றன.

என்னிடம் படித்துச் சென்ற மாணவன் ஒருவனின் தாயார் ஒருநாள் பள்ளிக்கூடத்து வாசலில் காத்து நின்றார். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் வேலை அவருக்கு. கையில் ஒரு துண்டுக் காகிதம்.

“சார், தம்பி இந்த ரெண்டு புஸ்தகமும் வேணும்னு ஒரே பிடிவாதமா இருக்கான். ரெண்டும் சேர்த்து முந்நூறு வெள்ளி ஆகுதாம். படிப்புக்குன்னு கேக்கிறான், இல்லேன்னு சொல்ல மனசு வரல. நீங்க பார்த்துச் சொல்லுங்க சார்” என்றார்.

நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. மாதம் 26 நாள் வேலை என்று கணக்கிட்டால், முந்நூறு வெள்ளி ஏறக்குறைய ஐந்து நாள் உழைப்பு. முதுகு வளைத்துப் பொறுக்கிய ஐந்து நாள்! வாங்கிய புத்தகம் பயன்படாமல் போனால் நட்டம் காசோடு முடியாது. “புஸ்தகம் வாங்கி என்னத்தக் கண்டோம்?” என்ற பேச்சு வீட்டில் பிறந்துவிடும். அடுத்த பிள்ளை கேட்கும்போது அந்தப் பேச்சுதான் முன்னால் வந்து நிற்கும்.

காகிதத்தில் இருந்த இரண்டும் ஒரே மென்பொருளைப் பற்றிய தடித்த வழிகாட்டி நூல்கள். அவற்றில் ஒன்று பல ஆண்டுகளுக்கு முந்திய பதிப்பு. மாலையில் பையனை வரச்சொல்லி உட்கார வைத்துப் பேசினேன்.

படத்தொகுப்புப் புத்தகங்களில் இரண்டு வகை உண்டு. தையல் இயந்திரத்தில் நூல் கோப்பது எப்படி என்று சொல்வது ஒன்று. ரவிக்கைக்கு அளவெடுத்துத் துணி வெட்டுவது எப்படி என்று சொல்வது மற்றொன்று. இயந்திரம் மாறினால் முதல் புத்தகம் பழையதாகிவிடும். துணி வெட்டத் தெரிந்த கையோ எந்த இயந்திரத்திலும் தைக்கும்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். ஆப்பிள் நிறுவனத்தின் ‘ஃபைனல் கட் ப்ரோ’ என்ற மென்பொருள் 1999-இல் வந்தது. அதைக் கற்றுத்தரக் கனமான நூல்கள் பல அச்சாகின. 2011-இல் அந்நிறுவனம் மென்பொருளை அடியோடு மாற்றி எழுதி வெளியிட்டது. திரையின் அமைப்பே வேறாகிவிட்டது. முந்திய ஆண்டில் விலை கொடுத்து வாங்கிய புத்தகத்தை வைத்துப் புதியதைப் பழக முடியாமல் போயிற்று. ஆகவே மென்பொருள் நூல் என்றால் முதலில் உள்பக்கத்தைப் புரட்டி, அச்சான ஆண்டையும் எந்தப் பதிப்பு மென்பொருளுக்கு உரியது என்பதையும் பாருங்கள். உங்கள் கணினியில் இருப்பதோடு அது பொருந்தாவிட்டால், பாதி விலைக்குக் கொடுத்தாலும் வாங்க வேண்டாம்.

இந்த வகை நூலுக்குக் காசு செலவழிக்காமலே கற்க வழியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் பிளாக்மேஜிக் டிசைன் நிறுவனம் ‘டாவின்சி ரிசால்வ்’ மென்பொருளின் ஒரு பதிப்பை இலவசமாகவே தருகிறது. அதைக் கற்பதற்கான பயிற்சி நூல்களையும், பழகிப் பார்ப்பதற்கான காட்சிகளையும் தன் இணையத்தளத்திலேயே வைத்திருக்கிறது. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: அது ஓடுவதற்குக் கொஞ்சம் திறனுள்ள கணினி தேவை. அது இல்லாதவர்கள் கைப்பேசியிலேயே தொடங்கலாம். வெட்டுவதும் ஒட்டுவதும் எங்கே செய்தாலும் ஒன்றுதான்.

அப்படியானால் காசு கொடுத்து வாங்க வேண்டிய புத்தகம் எது? கலையைச் சொல்லும் புத்தகம்தான். பையனுக்கு நான் சொன்னது வால்டர் மர்ச் என்ற அமெரிக்கப் படத்தொகுப்பாளர் எழுதிய ‘இன் தி பிளிங்க் ஆஃப் அன் ஐ’. ஏறக்குறைய 150 பக்கமுள்ள சிறு நூல். காகிதத்தில் எழுதியிருந்த இரண்டில் ஒன்றின் விலைகூட அதற்கு ஆகவில்லை. 1988-இல் சிட்னியில் அவர் ஆற்றிய உரையிலிருந்து உருவாகி, 1995-இல் வெளிவந்தது. 2001-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது, கணினியில் தொகுப்பதைப் பற்றிய கடைசிப் பகுதியை அவர் புதிதாக எழுத வேண்டியிருந்தது. எங்கே வெட்டுவது, ஏன் வெட்டுவது என்று சொல்லும் பகுதி இன்றைக்கும் பழையதாகவில்லை. ஒரே புத்தகத்துக்குள்ளேயே எது மூப்படைகிறது, எது நிற்கிறது என்பது தெரிகிறதல்லவா?

அந்த நூலில் ஆறு விதிகள் உண்டு. ஒரு வெட்டு நல்லதா என்று பார்க்க முதலில் உணர்ச்சி, பிறகு கதை, தாளம், பார்ப்பவரின் கண் போகும் இடம், திரைப் பரப்பின் ஒழுங்கு, கடைசியாக இடத்தின் தொடர்ச்சி என்று வரிசைப்படுத்துகிறார். நூற்றுக்கு 51 பங்கு உணர்ச்சிக்கு. இடத்தின் தொடர்ச்சிக்கு வெறும் 4. ஆறும் கூடி வராதபோது கீழே உள்ளதை விட்டுக்கொடு, மேலே உள்ளதை விடாதே என்பது அவர் சொல்வது.

சனிக்கிழமை மாலைகளில் அகராதியை வைத்துக்கொண்டு இருவரும் சேர்ந்து படித்தோம். இந்தப் பகுதிக்கு வந்தபோது பையன் பேசாமல் உட்கார்ந்திருந்தான். பிறகு சொன்னான்: “சார், போன மாசம் ஒரு கல்யாணத்துக்கு எடிட் பண்ணிக் கொடுத்தேன். பொண்ணோட பாட்டி ஆசீர்வாதம் பண்ற இடத்துல கேமரா ஆடிப்போச்சு. நல்லா இல்லேன்னு வெட்டிட்டேன். அவங்க வீட்டுல பாட்டி எங்கேன்னு கேட்டாங்க. நான்தான் ஏதோ சொல்லிச் சமாளிச்சேன்.”

நாற்பது ஆண்டு பால்மரம் வெட்டிய கிழவி. பேத்தியின் தலையில் கைவைத்து அழுத அந்தக் காட்சி, ஆட்டம் கண்டது என்பதற்காகப் போய்விட்டது. நல்லவேளை, எடுத்த மூலப் படம் அழியாமல் இருந்தது. பையன் அன்றிரவே அதைத் தேடி எடுத்து, உரிய இடத்தில் சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தான். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லும் ஆயிரம் பக்கப் புத்தகம் இதைக் கற்றுத் தந்திருக்காது.

இன்னும் இரண்டு நூல்களை இந்த வகையில் சொல்லலாம். கரேல் ரைஸ் எழுதி 1953-இல் வந்த ‘தி டெக்னிக் ஆஃப் ஃபிலிம் எடிட்டிங்’ விரிவானது. பொறுமையாகப் படிப்பவர்களுக்கு உரியது. எட்வர்ட் டிமிட்ரிக்கின் ‘ஆன் ஃபிலிம் எடிட்டிங்’ 1984-இல் வந்தது, அளவில் சிறியது. இயக்குநராகுமுன் படத்தொகுப்பாளராக இருந்தவர் அவர்.

ஆங்கிலப் புத்தகமாயிற்றே, பிள்ளைக்குப் புரியுமா என்ற கவலை நியாயமானது. அதற்கு வகுப்பறையில் நாங்கள் கையாளும் ஒரு வழி உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து படிக்கச் சொல்லுங்கள். புரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கட்டும். ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்குக் கடினம். ஓரிரண்டு விரல் என்றால் தாராளமாகப் படிக்கலாம். அடுத்து, புத்தகம் ஏதாவது செய்து பார்க்கச் சொல்கிறதா என்று பாருங்கள். ரஷ்யாவின் லெவ் குலெஷோவ் ஒரு நடிகரின் சலனமற்ற முகத்தை ஒருமுறை சூப்புக் கிண்ணத்தோடும், ஒருமுறை சவப்பெட்டியோடும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் பசி என்றும் துக்கம் என்றும் அதே முகத்தைப் படித்தார்கள். இதைத் தாத்தாவின் முகத்தையும் ஒரு தேநீர்க் குவளையையும் வைத்து, கைப்பேசியிலேயே நம் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். மூன்றாவதாக, வாங்குமுன் இரவல் கிடைக்குமா என்று விசாரியுங்கள். கோலாலம்பூரில் துன் ரசாக் சாலையில் தேசிய நூலகம் இருக்கிறது. ஒவ்வொரு மாநிலத்திலும் பொது நூலகம் இருக்கிறது. ஒரு அத்தியாயம் படித்த பிறகும் பிள்ளை கீழே வைக்க மனமில்லாமல் இருந்தால், அப்போது வாங்கிக் கொடுங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. இது வெட்டிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். நம் வீடுகளில் அழ அழப் பார்த்த ‘பாசமலர்’ (1961) படத்தை இயக்கிய பீம்சிங், படத்தொகுப்பு அறையில் உதவியாளராகத் தொழில் தொடங்கியவர்தான். அவருடைய மகன் பி. லெனின், வி.டி. விஜயனுடன் சேர்ந்து ‘நாயகன்’ (1987) படத்தைத் தொகுத்தார். கண்ணும் மனமும் பழகினால் சோறு போடும் தொழில் இது.

அந்தத் தாயாரிடம் மிச்சமான பணத்தில் எடுத்த படங்களைப் பத்திரமாகச் சேர்த்து வைக்க ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுக்கச் சொன்னேன். புத்தகம் படிக்கத் தொடங்கியிருக்கும் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால், வாரம் ஒருமுறையாவது அருகில் உட்கார்ந்து, “இந்த இடத்தில் ஏனப்பா வெட்டினாய்?” என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்துவிட்டால், புத்தகத்துக்குக் கொடுத்த காசு வீண்போகவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.