மலையேறிய மூவர்

நெருளில் வாழும் நம்மவர்க்கு நேரள் என்னும் பெயர் புதிதன்று. பெயர் மயக்கத்தால் இரண்டையும் ஒன்றெனக் கொள்வோரும் உளர். தாணேயில் வண்டி மாறிக் கர்ஜத் செல்லும் மின்வண்டியில் ஏறினால் நேரளில் இறங்கலாம். அதன் மேலே நிற்பது மாதேரான் மலை. 1907-இல் அப்துல் உசேன் ஆதம்ஜி பீர்பாய் அமைத்த சிற்றிருப்புப் பாதை அம்மலைக்கு உண்டு.

2022-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தந்தையாரை அங்கு அழைத்துச் சென்றேன். 2019-ஆம் ஆண்டுப் பெருமழை பாதையை அரித்திருந்தமையால் அப்போது நேரளிலிருந்து ரயில் இல்லை. ஷேர் டாக்சியில் தஸ்தூரி வரை சென்றோம். அதற்கு மேல் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை. அருகே அமன் லாட்ஜிலிருந்து ஓடும் சிறு ரயிலிலும் இடம் கிடைக்கவில்லை. எஞ்சியவை குதிரை, கைரிக்‌ஷா, கால்கள்.

முதியவராயிற்றே என்று கைரிக்‌ஷாவை அழைத்தேன். தந்தையார் ஏற மறுத்தார். "சென்னையில் 1970-களிலேயே இதை ஒழித்துவிட்டார்களப்பா. மனிதன் இழுக்க நான் அமர்வதா?" என்றார். இழுக்க வந்தவரோ, "அவர் நடந்தால் எனக்கு இன்று கூலி ஏது?" என மராத்தியில் கேட்டார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது. பெட்டியை மட்டும் வண்டியில் ஏற்றி, முழுக் கூலி பேசி, மூவரும் செம்மண் பாதையில் மெல்ல நடந்தோம்.

2025-இல் உச்ச நீதிமன்றம் மாதேரானில் கைரிக்‌ஷாவை ஆறு திங்களுக்குள் நிறுத்தவும், இழுப்போர்க்கு மறுவாழ்வு அளிக்கவும் ஆணையிட்டது. அச்செய்தியைப் படிக்கத் தந்தையார் இல்லை. அன்று அவர் கேட்டதற்கும் அந்தத் தொழிலாளி கேட்டதற்கும் ஒரே ஆணையில் விடை கண்டேன்.