ஏற்றம்

தமிழில் ஏற்றம் என்னும் சொல்லுக்குப் பொருள் இரண்டு. உயர்வு என்பது ஒன்று. கிணற்று நீரை இறைத்து வயலுக்குப் பாய்ச்சும் மரக்கருவி என்பது மற்றொன்று. ஆங்கில நாட்டுக் காற்பந்துக் கழகம் ஒன்றின் வரலாற்றை யான் அறிய நேர்ந்தபோது, இவ்விரு பொருளும் ஒன்றையொன்று விளக்குவனவாகத் தோன்றின. தமிழ் பயிலும் மாணவன் பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுந்தது ஏன் என்று அன்பர்கள் வினவலாம். மாலை வேளையில் நம் ஆடுகளத்தில் பந்தின் பின்னே ஓடாத தமிழ் மாணவன் எவன் என்று யான் அவர்களைத் திருப்பி வினவுகின்றேன்.

ஆங்கிலப் பந்தாட்டத்தின் அமைப்பை அறியாதார்க்கு முதற்கண் சிறிது கூறுதல் வேண்டும். அங்குக் கழகங்கள் படிப்படியாக அமைந்துள்ளன. உச்சியிலுள்ள பிரீமியர் லீக் என்னும் பிரிவில் 20 கழகங்கள். அதன்கீழ்ச் சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என மூன்று பிரிவுகள்; ஒவ்வொன்றிலும் 24 கழகங்கள். அவற்றிற்கும் கீழே ஐந்தாம் படி. வென்றால் 3 புள்ளி, சமனாய் முடிந்தால் 1. யான் எழுதப்போகும் 2022-23ஆம் பருவத்தின் விதிப்படி, சாம்பியன்ஷிப்பில் முதல் இரண்டு இடங்களைப் பெற்றோர் நேரே மேலேறுவர். மூன்றாவது முதல் ஆறாவது வரை நின்ற நால்வர் தம்முள் மோதி, இறுதியில் வென்ற ஒருவர் அவர்களோடு சேர்வர். உச்சிப் பிரிவின் கடைசி மூவர் கீழிறங்குவர். மூவர் ஏற மூவர் இறங்கும் இவ்வமைப்பில், பிறப்பால் உயர்ந்த கழகமும் இல்லை. என்றும் தாழ்ந்தே கிடக்க விதிக்கப்பட்ட கழகமும் இல்லை.

யான் கூற வந்த கழகம் லூட்டன் நகரத்தது. லூட்டன், இலண்டனுக்கு வடக்கே சுமார் 30 மைல் தொலைவிலுள்ள தொழில் நகரம். ஒரு காலத்தில் வைக்கோற் பின்னலால் தொப்பி செய்வதிற் பேர்பெற்ற ஊர் ஆதலின், அவ்வூர்க் கழகத்தாரைத் தொப்பிக்காரர் என்றே அழைப்பர். கழகம் தோன்றியது 1885இல். கெனில்வொர்த் ரோடு என்னும் களத்தில் அது குடிபுகுந்தது 1905இல். யான் கூறும் பருவத்தில் அக்களம் பதினாயிரம் பேருக்குச் சற்று மேலாகவே இடங்கொண்டிருந்தது. அயலூர்க் கழகத்தின் அன்பர்கள் நுழையும் வாயிலோ, ஓக் ரோடு என்னும் தெருவில் ஒன்றோடொன்று ஒட்டிய குடியிருப்பு வீடுகளின் இடையே இருந்தது. அதனுட் புகுந்து படியேறுவோர், பிறர் வீட்டுக் கொல்லைகளைக் கீழே கண்டவாறே களத்தை அடைவர். பெருங்கழகத்தார் சிலர்க்கு இது நகைப்பை விளைத்தது. லூட்டன் மக்களுக்கோ அக்களம் தம் வீட்டுத் திண்ணை.

இக்கழகம் 1992இல் உச்சிப் பிரிவினின்றும் இறங்கியது. பிரீமியர் லீக் என்னும் புதிய அமைப்புத் தொடங்கியது அதே ஆண்டிலேதான். பந்தியில் இலை போடும் வேளையில் எழுந்து போக நேர்ந்தவர் நிலை அவர்க்கு உண்டாயிற்று. பின்னர் 2007, 2008, 2009 என மூன்றாண்டும் அடுத்தடுத்து வீழ்ச்சி. முன்னிருந்த நிருவாகத்தார் காலத்தில், ஆட்டக்காரரை வாங்கி விற்பதில் நடந்த பணமுறைத் தவறுகளுக்காக 10 புள்ளிகளும், கடனிலிருந்து மீண்ட முறை விதிக்கு ஒவ்வாமையால் 20 புள்ளிகளும், ஆக 30 புள்ளிகள், 2008-09ஆம் பருவத்தில் ஒரு பந்தும் உதைக்கப்படுமுன்னரே கழிக்கப்பட்டன. அப்பருவத்தில் ஆட்டக்காரர் களத்தில் ஈட்டியன 56 புள்ளிகள்; ஏட்டில் நின்றன 26. பிறர் பட்ட கடனுக்கு இவர் வட்டி கட்டினர் என்க.

ஐந்தாம் படியில் விழுந்த அக்கழகம் அங்கே ஐந்து பருவங்கள் கிடந்தது. 2011இல் மேலேறுவதற்குரிய இறுதியாட்டம் வரை வந்து, ஏ.எஃப்.சி. விம்பிள்டன் கழகத்தினிடம் பெனால்டி உதைகளில் தோற்றது. மறு ஆண்டும் அவ்வாறே வந்து, யார்க் சிட்டியினிடம் 1-2 எனத் தோற்றது. கரைக்கு வந்த தோணி இருமுறை கவிழ்ந்தால் எவர் மனந்தான் தளராது? எனினும், 2008இல் அக்கழகத்தைக் கையேற்றவர்கள் அதன்பாற் பற்றுடைய சிலரேயாவர். அவர்கள் வரவறிந்து செலவு செய்தனர். பேர்பெற்ற ஆட்டக்காரரை விலைக்கு வாங்கி ஒரே நாளில் உயர முயன்றாரல்லர். 2014இல் 101 புள்ளிகளுடன் ஐந்தாம் படியை வென்றனர். 2018இல் நான்காம் படியினின்றும், 2019இல் மூன்றாம் படியினின்றும் ஏறினர்.

இனி, அந்தப் பருவத்திற்கு வருவோம். 2022 நவம்பரில் கழகத்தின் மேலாளர் நேதன் ஜோன்ஸ், பிரீமியர் லீகில் ஆடிய சவுதாம்ப்டன் கழகத்தின் அழைப்பை ஏற்று நீங்கினார். அப்போது லூட்டன் முதல் ஆறு இடங்களுக்கும் வெளியே நின்றது. அவரிடத்திற்கு வந்தவர் ராப் எட்வர்ட்ஸ். இவர் லூட்டனுக்கு நெடுநாட் போட்டிக் கழகமாகிய வாட்ஃபர்டில் மேலாளராயிருந்து, அதே ஆண்டு செப்டம்பரில் நீக்கப்பட்டவர். பகைவர் வீட்டில் தள்ளுண்டவரை நம் வீட்டில் அமர்த்துவதோ என்று முணுமுணுக்க இடமிருந்தது. 2023 ஏப்ரல் முதல் நாளன்று தம் களத்தில் லூட்டன் அந்த வாட்ஃபர்டையே 2-0 என வென்றபோது, அம்முணுமுணுப்பிற்கு விடை கிடைத்தது. 46 ஆட்டங்களில் 21 வெற்றி, 17 சமன், 8 தோல்வி. ஆக 80 புள்ளிகளுடன் மூன்றாம் இடம். கார்ல்டன் மாரிஸ் என்பவர் 20 கோல்கள் போட்டார். சவுதாம்ப்டனோ அப்பருவ இறுதியில் உச்சிப் பிரிவினின்றும் இறங்கியது. ஜோன்ஸும் அங்கே மூன்று திங்களுக்குமேல் நிலைத்தாரல்லர். ஏற விரைந்தவர் இறங்கியதும், இருந்த இடத்தில் உழைத்தவர் ஏறியதும் ஒரே பருவத்தில் நிகழ்ந்தன.

அரையிறுதியில் சண்டர்லண்டினிடம் அயலூரில் 1-2 எனப் பின்னிட்டு, மே 16ஆம் நாள் தம் களத்தில் 2-0 என வென்றனர். இறுதியாட்டம் மே 27ஆம் நாள் வெம்பிளியில், கவென்ட்ரி கழகத்தோடு. வென்றவர்க்குக் கிடைக்கும் வருவாய் குறைந்தது 17 கோடி பவுன் என்று கணக்கர் மதிப்பிட்டிருந்தனர். எனக்கு வியப்பளித்தது அத்தொகையன்று. இவ்விரு கழகங்களும் ஐந்தாண்டுகளுக்கு முன்னர் நான்காம் படியில் ஒன்றாய்க் கிடந்து, 2018இல் ஒன்றாகவே அப்படியை விட்டேறியவை என்பதே எனக்கு வியப்பாயிருந்தது.

ஆட்டந் தொடங்கிச் சில நிமிடங்களில், லூட்டன் அணித்தலைவர் டாம் லாக்கியர், எவரும் இடியாதிருக்கவே களத்தில் சாய்ந்தார். அவருடைய இதயத் துடிப்பு நெறி தவறியிருந்ததென்பது பின்னர்த் தெரிந்தது. அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்ற பின்னர் மற்றவர்கள் ஆட வேண்டியிருந்தது, ஆடினர். 23ஆம் நிமிடத்தில் ஜோர்டன் கிளார்க் கோல் போட்டார். 66ஆம் நிமிடத்தில் கவென்ட்ரியின் குஸ்தாவோ ஹாமர் அதனைச் சமன் செய்தார். மிகை நேரத்தில் லூட்டன் போட்ட கோல் ஒன்று, பந்து கையிற் பட்டதென்று தள்ளப்பட்டது. முடிவில் பெனால்டி உதைகள். இரு திறத்தாரும் ஐந்தைந்து உதைகளையும் கோலாக்கினர். ஆறாவதை லூட்டனின் டான் பாட்ஸ் உள்ளே செலுத்தினார். கவென்ட்ரியின் ஆறாம் உதை கம்பத்திற்கு மேலே பறந்தது. 6-5. லாக்கியர் மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே அதனைக் கண்டு மகிழ்ந்தார். 2013இல் ஐந்தாம் படியிலிருந்தபோது கழகத்திற் சேர்ந்த பெல்லி ரடக் எம்பான்சு என்பவர், ஒரே கழகத்தோடு ஐந்தாம் படியினின்றும் உச்சி வரை ஏறிய முதல் ஆட்டக்காரரானார்.

அந்த ஆறாம் உதையைத் தவறவிட்டவரின் பெயரை இங்கெழுத எனக்கு மனமில்லை. 46 ஆட்டங்களிலும் அவற்றின் மேலான மூன்று ஆட்டங்களிலும் பலர் ஓடிய ஓட்டத்தின் முடிவு, ஒருவர் காலின்மேல் வந்து விழுந்தது. லூட்டன் மக்கள் அத்துயரை அறியாதவரல்லர். 2011இல் அவர்களும் பெனால்டி உதைகளில் தோற்று, தலைகவிழ்ந்து வீடு திரும்பியவர்களே. ஏற்ற மரத்தின் ஒரு முனை மேலெழும்போது மறுமுனை தாழ்தல் இயல்பு. மேலெழுந்தவர் தாழ்ந்தவரை இகழாதிருக்கக் கற்பிப்பது, தாமும் ஒருகால் தாழ்ந்திருந்த நினைவே.

நிற்க. ஏறியவர் பின்னர் என்னாயினர்? 2023-24ஆம் பருவத்தில் 38 ஆட்டங்களில் 6 வெற்றிகளே பெற்று, 18ஆம் இடத்தில் முடிந்து, மீண்டும் இறங்கினர். கிடைத்த புள்ளிகள் 26. 2009இல் ஏட்டில் நின்ற அதே எண். 2025இல் சாம்பியன்ஷிப்பினின்றும் இறங்கி, மூன்றாம் படிக்குச் சென்றனர். "ஓராண்டு இருந்து இறங்குவதற்கோ இத்துணைப் பாடு?" என்று விடுதித் தோழர் ஒருவர் என்னை வினவினார். அவ்வினா அவர்க்கு விளையாட்டு, எனக்கு அவ்வாறன்று.

என் தமையனார் 2023ஆம் ஆண்டின் நடுவில் சென்னையில் ஓர் அலுவலகத்தில் வேலை பெற்றார். எங்கள் குடும்பத்தில் மாதச் சம்பளம் பெற்றவர் அவரே முதல்வர். வெம்பிளி ஆட்டத்தைத் தம் கைப்பேசியில் எனக்குக் காட்டி, இவ்வரலாற்றைச் சொன்னவரும் அவரே. பதினான்கு திங்கள் சென்றபின் ஆட்குறைப்பில் அவ்வேலை போயிற்று. ஊர் திரும்பித் தந்தையாரின் சிறு கடையில் அமர்ந்தார். வந்தவரெல்லாம், "போனது வீணாயிற்றே" என்று இரங்கினர். அவ்விரக்கம் வசையினுங் கொடிதாயிருந்தது. பகலெல்லாம் பேசுபவராகிய என் தமையனார் பேச்சைக் குறைத்தார்.

எங்கள் பாட்டனார் இளமையில் ஏற்றம் மிதித்தவர். ஒருநாள் மாலை அவர் தமையனாரை அருகழைத்து, "சால் கிணற்றில் இறங்குகிறதென்று ஏற்றக்காரன் எங்கேனும் அழுதானா, தம்பி? ஏறினபோது கொண்டுவந்த தண்ணீர் எங்கே போயிற்று என்று பார்" என்றார். யாங்கள் பார்த்தோம். அப்பதினான்கு திங்களில் அவர் அனுப்பிய பணத்தால் எங்கள் தாயாரின் கண்ணுக்கு அறுவை நடந்தது. இக்கல்லூரியில் என் முதலாண்டுக் கட்டணம் செலுத்தப்பட்டது. வேலை போயிற்று. தாயார் இன்றும் கண்ணாடியின்றி ஊசியிற் கோக்கின்றார். கட்டணச் சீட்டு என் பெட்டியிலே இருக்கின்றது.

லூட்டன் நகரத்திலும் அவ்வாறே பார்த்தல் வேண்டும். ஐந்தாம் படியில் ஆடியதைக் கண்டு வளர்ந்த பிள்ளைகள், 2023 நவம்பரில் லிவர்பூல் கழகம் தம் சிறு களத்திற்கு வந்து 1-1 எனச் சமனாய்த் திரும்பியதைக் கண்டனர். நாட்டின் பெருங்கழகங்களின் அன்பர்களெல்லாம் ஓக் ரோட்டுக் கொல்லைகளைக் கடந்தே உள்ளே வந்தனர். தொப்பிக்காரர் தம் வாசலை விட்டு வேறிடஞ் சென்று உயர்ந்தாரல்லர். உயர்ந்தோர் அவ்வாசலுக்கு வந்தனர். இதனைக் கண்ட கண்கள், கழகம் எப்படிக்குச் சென்றாலும், காணாத கண்கள் ஆகமாட்டா.

அன்பர்காள்! நம்மிற் பலர் இவ்வாண்டு தேர்வெழுதி வெளியேறுவோம். சிலர் ஏறுவோம், ஏறியவருட் சிலர் இறங்குவோம். இறங்கி வந்த ஒருவரைக் காணும்போது, "எத்துணை நாள் மேலே இருந்தீர்?" என்று வினவற்க. "எவ்வயலுக்கு நீர் பாய்ந்தது?" என்று வினவுக. சால் மீண்டும் இறங்குவது அடுத்த முறை நீர் முகப்பதற்கே.