கிழிந்த செவி

எங்கள் பள்ளிப்பட்டில், சண்டைக்குப் பழக்கப்பட்டதெனக் கூறப்பட்ட நாயொன்று தெருவோரம் வந்து தங்கிற்று. அதன் கிழிந்த செவியைக் கண்டோர், "இதைக் கொல்வதே நலம்" என்றனர். நானும் மறுத்துரைத்தேனல்லேன்.

பின்னர் ஒரு செய்தி படித்தேன். 2007ஆம் ஆண்டு அமெரிக்காவில், மைக்கேல் விக் என்னும் பெயர்பெற்ற விளையாட்டு வீரரின் நிலத்திலிருந்து ஏறத்தாழ 50 சண்டை நாய்கள் மீட்கப்பட்டன. அவற்றையும் கொல்லவேண்டுமென்றே பலர் கூறினர். விலங்குநலம் பேசுவோருள்ளும் சிலர் அவ்வாறு கூறியதுதான் வியப்பு! ஆயினும் வல்லுநர் ஒவ்வொன்றையும் தனித்தனியே ஆராய்ந்தனர். உண்ணும்போது செயற்கைக் கையால் தீண்டினர். பிற நாய்களை எதிரே நிறுத்தினர். மூர்க்கத்தின் பொருட்டுக் கொல்லப்பட்டது ஒன்றே. பல, அச்சத்தால் ஒடுங்கிக் கிடந்தன. சில, பிற்காலத்தில் நோயாளிகளுக்கு ஆறுதலளிக்கவும் பழகின.

அன்று மாலை சோற்றை அந்நாயின்முன் வைத்தேன். நான் பத்தடி விலகிய பின்னரே அது உண்டது.