ஜவ்வாது மலையிலிருந்து பக்கிங்காம் கால்வாய்க்கு

ஜமுனாமரத்தூர், மார்கழி

ஜவ்வாது மலையில் படகு ஏற வேண்டுமென்றால் ஜமுனாமரத்தூர் ஏரிக்குத்தான் போக வேண்டும். மிதிபடகில் தம்பதியர் ஒரு சுற்றுச் சுற்றி வரலாம். அதற்குள் நேரம் முடிந்துவிடும். நாள் கணக்கில் படகில் போக மலையில் வழியில்லை. கால்வாய்ப் படகுக்கு மட்டமான, அசையாத நீர் வேண்டும். இங்கே விழும் மழை சாமைக் கொல்லைகளைத் தாண்டி, பாறைக்குப் பாறை குதித்துச் சரிவில் இறங்கிவிடுகிறது. வடசரிவின் நீர் பாலாற்றுக்குப் போகிறது. மேற்கே விழுவதில் ஒரு பங்கு பாம்பாற்றின் வழியாகத் தென்பெண்ணையைச் சேர்கிறது. செய்யாறும் இந்த மலையில்தான் பிறக்கிறது. அதன் போக்கிலேயே போனால் ஒருகாலத்தில் படகுகள் நிஜமாக ஓடிய ஒரு கால்வாய் வரும்.

செங்கம், அதே வாரம்

செங்கத்துக்கு அருகில் செய்யாற்றின் குறுக்கே குப்பநத்தம் அணை நிற்கிறது. மேட்டில் நீரைத் தேக்கிக் கீழே விடும் இதே ஏற்பாடுதான் இங்கிலாந்தின் கால்வாய்களுக்கும் உயிர். அங்கே குன்றுகளின் மேல் ஏரி வெட்டி, கால்வாயின் உச்சிப் பகுதிக்கு நீர் ஊட்டினார்கள். படகு மேடேற லாக் மதகுகள் கட்டினார்கள்: படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, நீரை நிரப்பினால் படகு தானாக உயரும். பல மதகுகளின் அகலம் ஏழடிதான். அதனால் படகும் ஏழடிக்குள் ஒடுங்கி, எழுபதடி வரை நீண்டது. வேகம் மணிக்கு நான்கு மைலைத் தாண்டக் கூடாது. கரையில் நடப்பவர் பேசிக்கொண்டே கூட வரலாம்.

இந்த நிதானத்தை உலகுக்குச் சொன்னவர்கள் ஒரு தம்பதியர். டாம் ரோல்ட் என்ற பொறியாளரும் அவருடைய புதுமனைவி ஆஞ்செலாவும் 1939 ஜூலையில் பான்பரியிலிருந்து ‘கிரெஸி’ என்ற பழைய மரப்படகில் புறப்பட்டார்கள். படகே வீடு, குளியல் தொட்டிகூட இருந்தது. செப்டம்பரில் போர் வந்துவிட்டது. அந்தப் பயணத்தைப் பற்றிய நூல் 1944இல் வெளியாயிற்று. அதைத் தொடர்ந்து 1946இல் உள்நாட்டு நீர்வழிச் சங்கம் உருவானது. தூர்ந்து போகவிருந்த பல கால்வாய்கள் பிழைத்ததில் அந்த நூலுக்கும் பங்குண்டு. குப்பநத்தம் நீர் போவதோ பாசனத்துக்கு. வறண்ட மாவட்டத்தில் அது சரியான முடிவே.

திருமுக்கூடல், தை

செய்யாறும் வேகவதியும் பாலாற்றோடு கலக்கும் இடம் இது. வீரராசேந்திர சோழன் காலத்து மருத்துவமனையைச் சொல்லும் கல்வெட்டு இங்குள்ள பெருமாள் கோயிலில் இருக்கிறது. ஆற்றின் அகலம் முழுதும் மணல். 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது; மற்றபடி ஆண்டின் பெரும்பகுதி இதில் படகைத் தள்ள முடியாது, நடந்தே கடக்கலாம்.

சதுரங்கப்பட்டினம், தை

பாலாறு கடலைத் தொடுவதற்குச் சற்று முன் பக்கிங்காம் கால்வாய் அதைக் குறுக்கே கடக்கிறது. ஜவ்வாது மலையின் நீர் படகுப் பாதையைச் சந்திக்கும் ஒரே இடம் இதுதான். இந்தக் கால்வாய்க்கு மேட்டு ஏரி தேவைப்படவில்லை. கடலோரக் கழிகளைக் கோத்து வெட்டினார்கள். கடலின் ஏற்றவற்றமே நீர் ஊட்டியது. 1806இல் பேசில் காக்ரேன் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தொடங்கியது இது. பெரும் பஞ்சத்தில் 1877–78இல் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே எட்டு கிலோமீட்டரை நிவாரண வேலையாக வெட்டி, வடக்கையும் தெற்கையும் இணைத்தார்கள். கூலிக்காக மண் சுமந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஆளுநரின் பெயர் கால்வாய்க்கு வந்தது. பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் வரை நீளம் சுமார் 420 கிலோமீட்டர், அதில் 163 தமிழ்நாட்டில். விறகும் உப்பும் நெல்லும் இதில் வந்தன. காற்றிருந்தால் பாய், இல்லாவிட்டால் கழி, அதுவும் போதாத இடத்தில் கரையில் ஆள் நடந்து கயிறு கட்டி இழுப்பார்.

உல்லாசப் பயணமும் உண்டு. பாரதிதாசன் தோழர்களோடு சென்னையிலிருந்து படகேறி மாமல்லபுரம் போனதை ‘மாவலிபுரச் செலவு’ என்று பாடியிருக்கிறார். இன்று ஈ.சி.ஆரில் காரில் ஒன்றரை மணி நேரத்தில் அதே தூரத்தைக் கடப்பவர் கால்வாயைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பதோடு சரி.

மரக்காணம், தை

கால்வாயின் தென்முனை. உப்பளப் பாத்திகளில் நீண்ட பிடி போட்ட மரப்பலகையால் உப்பை வாரிக் குவிக்கிறார்கள்; குவியல் லாரிக்குப் போகிறது. 1960களிலும் 70களிலும் அடித்த புயல்கள் கால்வாயைச் சிதைத்தன, சாலை வசதி சரக்கைக் கொண்டு போனது. சென்னை நகருக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. 2008இல் இது தேசிய நீர்வழி 4இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. பெயர் கிடைத்த அளவுக்குத் தண்ணீர் கிடைக்கவில்லை. தூர் வாரி, சாக்கடையை நிறுத்தி, ஆற்றுக் கடவுகளில் மதகுகளைச் சீர் செய்யாமல் இங்கே எந்தத் தம்பதியரும் ரோல்ட் தம்பதியரைப் போலப் படகில் குடித்தனம் நடத்த முடியாது. அதுவரை கால்வாய் நீரில் படகேற விரும்புகிறவர்கள் முட்டுக்காடு படகுத் துறைக்குப் போகலாம். 1984 முதல் அது இயங்குகிறது.